எட்டு கோருக்கு ஒரே பூட்டு

ஐந்தாவதோடு படிப்பை விட்டு, ஜங்லிகாட் கடைத்தெருவில் ஒவ்வொன்றாகப் பல கடைகள் கட்டி முதலாளியானவன் நான். லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் படகு டிக்கெட்டுக்கு நானும் வரிசையில்தான் நின்றேன். கம்ப்யூட்டர் அசையவில்லை. முன்னால் நின்ற பெண், பழுதுபார்க்க வந்த இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் மகளுக்கு இன்னிக்கு நிச்சயம், தம்பி. படகு போயிடும்!"

"எட்டு கோர், அதாவது எட்டு மூளை இருக்கிற மெஷின்க்கா. எட்டு வேலையைச் சேர்த்தே செய்யும். ஆனா கர்னல் பழசு. ஒரே பூட்டுதான், ஒவ்வொண்ணாத்தான் உள்ளே விடும்."

"எந்தக் கர்னல்? கார் நிக்கோபார் ராணுவ முகாம்ல இருக்காரா? போன் போடு, நான் பேசறேன்."

"அரே, ஆள் இல்லக்கா! மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்."

"எட்டுப் பேரைச் சமைக்கக் கூப்பிட்டு ஒரே கரண்டியா? நல்ல படிப்புப்பா!"

"மாத்தலாம்க்கா. மெயின்லேண்ட்லேர்ந்து அனுமதி வரணும்."

படகு சங்கு ஊதிவிட்டுப் புறப்பட்டது. அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, ஒருத்திக்காக எல்லாரும் நிக்க வேணாம். நீங்க தட்டை மாத்திடுங்க."