நான்கு மட்கார்டு, பதினெட்டுக் குடம்

குளிப்பதற்கு எனக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும். மூன்றாவது வாளியை நான் தொட்டதில்லை என்பதற்கு என் மனைவி கங்காவே சாட்சி. இதை முதலில் எழுதக் காரணம், எங்கள் கட்டிடத்துத் தண்ணீர் விஷயத்தில் என் பெயர் அடிபடுவதுதான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாளவிகா மேடம், நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னார். கீழ்வீட்டுப் பாண்டிச்செல்வி படிக்க வேண்டும் என்பதால் தமிழில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ், வீட்டில் வந்தது. பிழை இருந்தால் அது என் தமிழில்தான் இருக்கும், என்னிடம் இருக்காது.

என் பெயர் வெங்கிட்டு. மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் சாமி. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதத்தை அளந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது இருபத்திரண்டு வருடத் தொழில். யார் தப்பு என்று எழுத மாட்டேன். என்ன உடைந்தது, எத்தனை அங்குலம் என்பதோடு சரி.

நாங்கள் குடியிருப்பது யூசுப் இக்காவின் கட்டிடத்தில். கீழ்வீட்டில் கொத்தனார் செல்லதுரையும் அவர் மனைவி பாண்டிச்செல்வியும். நடுவீட்டில் இக்கா குடும்பம். மேல்வீட்டில் நாங்கள். மொட்டை மாடியில் மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஆயிரம் லிட்டர் பிடிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும். அதற்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினால்தான் அன்றைய பொழுது ஓடும். மோட்டார் சுவிட்ச் என் பொறுப்பு. மற்றவர்களை நம்ப முடியாது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

போன வருடம் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். ஐம்பத்தொரு வயதில் ஆணுக்கு ஏதாவது வரும். சிலருக்குச் சர்க்கரை, எனக்கு ஜீப். ஆலுவாவில் ஒரு கிளப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையிலும் ஓடையிலும் வண்டி இறக்குவார்கள். அதற்காகப் பெரிய டயர் மாட்டினேன். தோப்பும்படி பாலத்தருகே ஓர் அதிகாரி நிறுத்தினார்.

"டயர் பாடிக்கு வெளியில நாலு இஞ்சு நிக்குது சேட்டா. மட்கார்டு வெச்சு மூடணும்" என்றார்.

அபராதம்கூடப் போடவில்லை. இவ்வளவு மரியாதையாகச் சொன்ன மனிதரின் பேச்சை நான் தட்டியிருக்க வேண்டுமா? பின்னால் நடந்த அத்தனையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தது என்பதை மேடம் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேவராவில் பட்டறை வைத்திருக்கும் சேவியரிடம் கேட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார். கிளப்பின் அடுத்த பயணத்துக்கு இருந்ததோ எட்டு நாள். நானே தகரம் வாங்கி வளைத்தேன். அது வளைந்த இடத்தில் மடங்கியது. பழைய ரப்பர் பாயை வெட்டி மாட்டினேன். யானைக் காது மாதிரி ஆடியது. மனம் நொந்து மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியில் சாய்ந்து நின்றேன். முதுகுக்கு அந்த வளைவு அவ்வளவு இதமாக இருந்தது. சட்டைப் பையில் டேப் எப்போதும் இருக்கும். அளந்தேன். குறுக்கே மூன்றரை அடி. டயருக்கு மேல் விட வேண்டிய இடைவெளியோடு சேர்த்து நூல் பிடித்தாற்போல் சரியாக இருந்தது. பெண் பார்க்கப் போன அன்றுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. இது கங்காவுக்கும் தெரியும்.

தொட்டியை நான் திருடினேன் என்று பேசிக்கொள்கிறார்கள். தொட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. இக்காவின் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆலுவா போனார்கள். தொட்டி கழுவப்போகிறேன் என்று சொல்லி நான் மட்டும் நின்றுவிட்டேன். தண்ணீரை இறக்கிவிட்டு, நடுவிலிருந்து அரையடி அகலத்தில் இரண்டு வளையம் அறுத்தேன். மேல்பாகத்தைக் கீழ்பாகத்தின் மேல் உட்காரவைத்து, பட்டை கொடுத்து முடுக்கி, இடுக்கில் பசை பூசினேன். தண்ணீர் வரும் குழாயையும் மிதவையையும் ஓரடி கீழே இறக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வளையத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு மட்கார்டு, ஆக நான்கு. ஒரு துண்டுகூட வீணாகவில்லை. உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் செய்தேன், சொன்ன சொல் தவறக்கூடாது என்று.

கல்யாணத்திலிருந்து வந்தவர்கள் தொட்டி கழுவியதற்கு நன்றி சொன்னார்கள். இக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சைவம் என்பதால் வாங்கவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. கங்கா மட்டும் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னன்னா இது, வண்டிக்குப் புருவம் வச்சாப்ல இருக்கு" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கே தொட்டி காலி. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இக்கா மேலே வந்தார்.

"சாமி, கீழ்வீட்டுப் பெண்ணு மாவு ஆட்டி ஆட்டி தொட்டி வெள்ளம் முழுக்கத் தீர்க்குது. அவங்க வந்து மூணு மாசம்கூட ஆகல்லா. மாசக் கடைசியில மாறச் சொல்லலாமா?"

பாண்டிச்செல்வி இட்லி மாவு ஆட்டி வீடு வீடாக விற்கிறாள். அரிசி களைய, உளுந்து ஊறவைக்க, கிரைண்டர் கழுவத் தண்ணீர் வேண்டும். அந்த வீட்டை விட்டால் பழகிய வாடிக்கை போய்விடும்; வயிற்றுப்பாடே அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். மாவு ஆட்டத் தண்ணீர் செலவாகும் என்பது உண்மைதானே என்று இக்காவிடம் சொன்னேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பிரச்சினை முற்றாமல் இருக்க ஓர் அட்டவணை போட்டேன். காலையில் முதல் முறை எங்களுக்கு. தொட்டித் தண்ணீரில் கசடு ஏதாவது இருந்தால் அது என்னோடு போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். பாண்டிச்செல்விக்குக் கடைசி முறை. அவள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமக்க ஆரம்பித்தாள். அந்த நாட்களில் அவளிடம் வாங்கிய மாவு வழக்கத்தைவிடக் கெட்டி. குறையை முகத்துக்கு நேரே சொல்பவன் நான், சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளப் பயணம் சிறப்பாக முடிந்தது. ஓடையில் இறங்கியபோது ஒரு துளி மேலே தெறிக்கவில்லை. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில் அந்தப் பிளாஸ்டிக்குக்கு வருடக்கணக்கில் அனுபவம்.

அடுத்த வாரம் செல்லதுரை துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டு, வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

"சாமி, போன மாசம் தொட்டிய எட்டிப் பாக்க ரெண்டு செங்கல் வச்சு ஏறுனேன். இன்னைக்குச் சும்மா நின்னுக்கிட்டே மூடியத் தொறந்து பாத்துட்டேன். நான் வளந்துட்டேன்னு நெனைக்கேன்."

அந்த மனிதருக்கு நாற்பத்திரண்டு வயது. சில பேருக்கு நாற்பதுக்கு மேல் இன்னொரு வளர்ச்சி உண்டு, இந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்றேன். நம்பிக்கை வரட்டும் என்று சுவரோரம் நிறுத்தி அளந்தேன். டேப்பின் முதல் நான்கு அங்குலத்தைக் கட்டைவிரலுக்கடியில் மடித்துக்கொண்டதால் ஐந்தடி எட்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். வேலைக்குப் போகும்போது வாசலில் குனிந்து போக ஆரம்பித்தார். வீட்டைக் காலி செய்ய வேண்டிய கவலையிலும் அவரிடம் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அந்த மிடுக்கில் பேன்ட் தைக்கக் கொடுத்தார். நாலு அங்குலம் நீளம் கூட்டச் சொல்லியிருக்கிறார். தையற்காரர் சிரித்துக்கொண்டே தன் டேப்பை வைத்து அளந்திருக்கிறார். ஐந்தடி நாலு. செல்லதுரை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

பாண்டிச்செல்வி யோசிக்கிறவள். புருஷன் வளரவில்லை என்றால் வேறு எது குறைந்தது என்று யோசித்திருக்கிறாள். நேரே மாடிக்குப் போனாள். தொட்டியில் கறுப்புப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே நின்ற என் ஜீப்பை வெகுநேரம் பார்த்தாள். நான் அப்போது அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஈரத் துணியால்தான், தண்ணீரை வீணாக்கவில்லை.

இறங்கி வந்தாள். மட்கார்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

"சாமி, இது நாலும் சேத்து எத்தன கொடம் தண்ணி?"

"பதினெட்டு" என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. தொழில் புத்தி. இருநூற்றெழுபது லிட்டர், குடத்துக்குப் பதினைந்து. இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று பின்னால் மாளவிகா மேடம் கேட்டார். அப்போது போட்டதல்ல. அறுப்பதற்கு முன்பே போட்டது. ஒரு வீட்டுக்குத் தண்ணீர் இருக்காது என்பதும், புதிதாக வந்தவர்கள் மீதுதான் சொல் விழும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. மட்கார்டு நன்றாக வருமா என்பது மட்டும்தான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தொட்டியை அறுத்தவன் நான். பாண்டிச்செல்வி ஒரு குடம்கூட அதிகம் செலவழிக்கவில்லை. வீட்டைக் காலி செய்யும் பேச்சை இக்கா திரும்ப வாங்கிவிட்டார். செல்லதுரையின் உயரம் ஐந்தடி நாலு. அதையும் இங்கே திருத்திக்கொள்கிறேன். புதுத் தொட்டி வாங்கி வைத்துவிட்டேன். மோட்டார் சுவிட்ச் இப்போது பாண்டிச்செல்வியிடம் இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து நேற்று கங்காவை மாவு வாங்க அனுப்பினேன். தீர்ந்துவிட்டது என்றாளாம் பாண்டிச்செல்வி. கதவுக்குப் பின்னால் இரண்டு வாளி நிறைய மாவு பொங்கிக்கொண்டிருந்ததைக் கங்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, இருப்பதை இல்லை என்று மறைக்க மனிதர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ, எனக்குப் புரியவில்லை.