தறி ஓடாத நாள்

— “கொரலு ஏங்க இப்பிடிக் கரகரங்குது?”ன்னு நான் கேட்டேன். அதுக்கு நீங்க என்ன சொன்னீக?

— இப்ப எதுக்கு கனகு அந்தப் பேச்சு?

— சொல்லுங்க. ஆறு வருசமாச்சே, மறந்துட்டீகளான்னு பாக்குறேன்.

— “கோளாறு ஒந் தொண்டையிலதான்”னு சொன்னேன்.

— யாரு முன்னாடி?

— வெளம்பரம் பதிய வந்த ஜவுளிக்கடைக்காரக முன்னாடி.

— ம். அந்தத் தீவாளிக்கு வேற ஒருத்தி கொரலு ஆட்டோவுல ஊரு சுத்துச்சு. நான் பொட்டியத் தூக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்கு வந்தேன். இப்ப டாக்டரும் நீங்க சொன்னதையேதான் சொல்லியிருக்காரு.

— கனகு, நேரம் போகுது. அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துரும். மாசத்துல இந்த ஒரு நாளுதான் லைன் வேலைக்காகப் பகல் முழுக்க நிறுத்துறான். தெருவுல ஒரு தறி ஓடல பாரு. இத விட்டா ஒங் கொரலச் சுத்தமாப் பதிய வேற நாளு கெடையாது.

— எனக்குந்தான் கெடையாது. நாளைக் கழிச்சு மதுரையில கொரல்வளைய எடுத்துருவாக.

— அதான் சொல்றேன். மைக்குலருந்து ஒரு சாண் தள்ளி ஒக்காரு.

— ஆத்தாடி, இத்தன வயரா! ஆஸ்பத்திரியிலகூட எனக்கு இத்தன மாட்டல.

— மைக்கு இந்தச் சின்னப் பொட்டிக்குள்ள போகுது. சத்தத்தப் பெருசாக்குற பிரிஆம்ப்பு இதுதான். பேட்டரியில ஓடும், அதனால இரைச்சல் கெடையாது. இதுலருந்து ஒரு வயரு லேப்டாப்புக்கு, ஒரு வயரு இந்தக் கை ரிக்கார்டருக்கு. லேப்டாப்புல சார்ஜ் தீந்தாலும் ரிக்கார்டர்ல இருக்கும்.

— பெறகு நான் ஃபோன்ல எழுதுனா எங் கொரலாவே பேசுமாக்கும்?

— பேசும். டாக்டரு சொன்ன கம்பெனிக்கு முன்னூறு வரி அனுப்பணும். இருக்குறதுலயே ஒசந்த தரத்துல வச்சிருக்கேன். நீ மூச்சு விடுறதுகூட விழும். பேரச் சொல்லு, சத்த அளவு பாக்கணும்.

— கனகலட்சுமி. கணவர் பெயர் ராமசுப்பு.

— ஏ! எம் பேரச் சொல்லிட்ட!

— ஆதார்ல அப்பிடித்தான இருக்கு? கட்டுன நாள்லருந்து வாயில வராத பேரு. இனிமே எந்தப் பேரும் வரப்போறதில்ல. ஒருக்கா சொல்லிப் பாத்தேன்.

— அளவு சரியா இருக்கு. செவப்பு லைட்டு எரியல. நீ எழுதி வச்சத மொதல்லருந்து வாசி.

— “வெந்நி போதும்.” “மதினி, கேஸு தீந்துருச்சு.” “டிரைவர் தம்பி, காந்திநகர்ல நிறுத்துங்க.” “அண்ணே, எனக்கு வலிக்கல.” “கொழம்புல உப்புக் கொறைச்சலா இருக்கு.”

— இரு, இரு. கொழாய் வழியாச் சாப்பாடு இறங்குனா உப்பு தெரியுமா தெரியாதான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?

— தெரியாட்டியும் கொறை சொல்ல ஒண்ணு வேணும்ல.

— ம்ம். பாதியத் தாண்டிட்டோம். கனகு, ஒண்ணு கேக்கவா? அண்ணன், மதினி, டிரைவர், மருந்துக்கடைக்காரரு, எல்லாரும் இதுல இருக்காக. “என்னங்க”ன்னு ஒரு எடத்துலகூட இல்லையே.

— கூப்புட ஆளு இருந்தாத்தான எழுத?

— கடேசி வரிய மட்டும் மையால அடிச்சு வச்சிருக்க. என்ன அது?

— அது வேணாம். வெந்நிய இங்குட்டுத் தள்ளுங்க.

— ஆத்தி ஆத்திக் குடி... கனகு, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கோளாறு ஒந் தொண்டையில இல்ல.

— என்ன?

— பிரிஆம்ப்பு வயர லேப்டாப்புல லைன் ஓட்டையில சொருகணும். நான் அவசரத்துல மைக்கு ஓட்டையில சொருகிட்டேன். ஏற்கெனவே பெருசாக்குன சத்தத்த லேப்டாப்பு இன்னும் பெருசாக்கி ஒடைச்சிருச்சு. அதுதான் கரகரப்பு. ஒங் கொரலு கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு.

— எப்பத் தெரியும்?

— தீவாளி கழிஞ்சு சாமானெல்லாம் எடுத்து வைக்கையில.

— ஆறு வருசத்துக்கு முன்னாடியா! திருச்சுழியிலருந்து இங்க வர பஸ்ஸு இல்லையா?

— பஸ்ஸு இருந்துச்சு. ஒங்கண்ணன் வாசப்படி ஏறத்தான் தெம்பு இல்ல. நாளைக்கு, நாளைக்குன்னு போயிருச்சு.

— போன தைக்கு எங் கொரலு கம்முச்சு. மதினி “டாக்டரப் பாரு”ன்னாக. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எந் தொண்டை எப்பவும் கோளாறுதான், எம் புருசனே சொல்லியிருக்காரு”ன்னு. அப்பிடியே எட்டு மாசம் விட்டேன். மொதல்லயே வந்திருந்தா கத்தி வைக்காம கதிர் வச்சே சரி பண்ணியிருக்கலாமாம்.

— ஐயோ, கனகு...

— அழுகாதீக. மைக்குல விழும்.

— விழட்டும்.

— விழக் கூடாது. நான் பேசுறப்பல்லாம் பின்னாடி நீங்க அழுவீகளா? மூக்கத் தொடைங்க. இன்னும் எத்தன பாக்கி?

— நூத்திப் பத்து.

— அப்ப வாசிக்கிறேன். “எனக்குத் தூக்கம் வருது.” “ஃபேனக் கொறைங்க.” “ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறீக?”

— நல்லா வந்திருக்கு. அப்பிடியே போ...

— ...“பஸ்ஸு போயிருச்சா?” “நான் நல்லா இருக்கேன்.” அவ்வளவுதான். இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது.

— அந்த அடிச்ச வரி... ஐயோ, தறி ஓட ஆரம்பிச்சிருச்சே! அரை மணி முன்னாடியே கரண்டு விட்டுட்டான்! எல்லாத் தறியும் ஓடுது. இனி ஒண்ணும் பதிய முடியாது கனகு.

— நிறுத்திட்டீகளா?

— நிறுத்திட்டேன். ஒண்ணே ஒண்ணு கொறையுது.

— ரிக்கார்டரும்?

— அதுவும்தான்.

— காதுல மாட்டுனதக் கழட்டுங்க.

— கழட்டிட்டேன். இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, கிட்ட வந்து சொல்லு.

— அந்த வரிய ஃபோனு சொல்லக் கூடாது, நானே சொல்லணும்னுதான் அடிச்சு வச்சேன். என்னங்க... ஆஸ்பத்திரியிலருந்து என்னைய இங்க கொண்டாந்து விட்றாதீக. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.