பஸ்ஸைக் கூப்பிட்ட குரல்

ஆறு நாட்டுத் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தி அழகு பார்க்கும் அவைத்தலைவர் ஐயா கலீலுர் ரஹ்மான் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! டூட்டி முடிந்து உடை மாற்றவும் நேரமின்றி ஓடிவந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! மடியில் பிள்ளையும் கையில் பிரியாணிப் பொட்டலமுமாக, இரண்டையும் சிந்தாமல் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் நின்றாலும் கைதட்டுவதில் முந்திக்கொள்ளும் தோஹா தொழில்பேட்டைத் தோழர்களே! புஜைராவிலிருந்து வந்திருக்கும் இந்த யேசுராஜின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பாடகன் அல்லன், பண்டிதனும் அல்லன். எண்ணெய்த் தொட்டிக்கு வால்வு மாட்டுகிறவன். ஆனால் ரசிகன்! வளைகுடாத் தமிழ்ப் பாட்டுப் போட்டியின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவன் என்று என்னை உட்காரவைத்தது நீங்கள்தான். முன்னதாகவே நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த பாடல்களைப் பற்றி ரசிகர்கள் சொன்னதை மேடையில் சொன்ன பிறகுதான் வாக்குப்பதிவு என்பது நம் வழக்கம். ஆகவே சொல்கிறேன். அஞ்சாமல் சொல்கிறேன். அடிக்க வருகிறவர்கள் கடைசியில் வாருங்கள்.

குவைத்தின் பாட்டு எப்படி? அப்பாசியாவிலிருந்து வந்த ஷாஜினி பாடினார். குரல் தேன் என்கிறார்கள் ரசிகர்கள். அந்தத் தேனில் கீபோர்டு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டது என்றும் சொல்கிறார்கள். கீபோர்டு வாசித்தவர் அவர் கணவர் எபின். கோபப்படாதீர்கள் எபின், மீதியை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். என் சொந்த அமீரகத்தின் பாட்டு எப்படி? செய்கு முகம்மது பாடியது. மூன்று நிமிடப் பாட்டில் இரண்டு நிமிடம் முன்னிசை. இலையைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு இவ்வளவு நேரமா காக்கவைப்பது என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அம்மா, ஏற்றுக்கொள்கிறோம்!

இனி கத்தார். நில்லுங்கள், இங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது.

சோலைமுத்து என்றொருவர், இதே தொழில்பேட்டையில் கம்பி கட்டும் வேலை. தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, செல்போனில் பதிந்து அனுப்பினார். ஆளைப் பார்த்தும் நிற்காமல் போகிற தொழிலாளர் கேம்ப் பஸ்ஸைக் கூப்பிடுகிற பாட்டு. "நில்லப்பா பஸ்ஸு, நெசமாவே நான்தான், நேத்துத் தொங்கி வந்தவன், இன்னைக்கும் நான்தான்!" வரி எப்படி? வளைகுடாவில் பஸ்ஸுக்கு ஓடிய ஒவ்வொரு காலுக்கும் தெரியும் இந்த வரி. ஆனால் குரல்? குரல் எழும்பவே இல்லை. காதை ஒட்டவைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு நம் குழுவில் ஒரு கருத்து வந்தது. "பஸ்ஸைக் கூப்பிடுகிறவன் இப்படியா கூப்பிடுவான்? இந்தக் குரலுக்கு எறும்புகூடத் திரும்பாது." நானூறு பேர் அதற்குச் சிரிப்புப் போட்டார்கள். சிரித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் காணோமே! நானூறு பேரும் இன்று லீவா? சரி, எழுதியவனாவது கை தூக்கட்டும். இதோ தூக்கிவிட்டேன். எழுதியவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை சோலைமுத்து, தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரே வரி அனுப்பினார். மேடையில் வந்து பாடாதவர் பாட்டு போட்டியில் இல்லை, அது விதி. போட்டி நடக்கும் ஊருக்கே பாட்டு இல்லாமல் போகப் பார்த்தது. இன்று காலை விமானம் இறங்கியதும் நேரே அவர் கேம்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா போனேன்? பொய் சொல்ல மாட்டேன். விமர்சனம் தாங்காதவன் என்ன கலைஞன் என்று நாலு கேள்வி கேட்கத்தான் போனேன்.

கதவைத் திறந்தவர் அவருடைய அறைத்தோழர் சுரேஷ்குமார். வாயில் விரல் வைத்துக்கொண்டு திறந்தார். "அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு மெதுவா வாங்க. நைட் டூட்டிக்காரவுக தூங்குறாக."

உள்ளே மேலும் கீழுமாக எட்டுக் கட்டில். லுங்கியைத் திரையாக மாட்டிய நான்கு கட்டில்களில் நான்கு பேர் அயர்ந்து தூங்குகிறார்கள். சோலைமுத்துவுக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வியாழன் இரவெல்லாம் உழைத்தவர்கள் தூங்குவதும் அதே வெள்ளிக்கிழமைக் காலையில்தான். வெளியே போனால் வெயில்; வெளிச்சுவரெல்லாம் ஏசி இயந்திரத்தின் இரைச்சல். ஆகவே கீழ்க்கட்டிலில், போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பாடியிருக்கிறார் மனிதர். கொண்டுபோன நாலு கேள்வியையும் விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரே மெல்லச் சொன்னார்.

"சத்தமாப் பாடத் தெரியாம இல்லண்ணே. பாடுனா இவுக முழிச்சிருவாக. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து படுத்தவுக."

அவையோரே! எட்டு ஆண்டு நானும் அப்படியொரு அறையில் இருந்தவன். செருப்பைக் கையில் பிடித்து நடந்தவன். தட்டில் கரண்டி படாமல் சாப்பிட்டவன். மகள் பிறந்த செய்தியைப் போர்வைக்குள் கேட்டு, போர்வைக்குள்ளேயே அழுதவன். அந்த யேசுராஜுக்குத் தெரியாதா, ஒருவன் ஏன் தாழ்ந்த குரலில் பாடுகிறான் என்று? தெரியும். தெரிந்திருந்தும், குடும்பத்தோடு ஃபிளாட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டபோது மறந்துபோனேன். வெட்கமாக இருக்கிறது. குழுவில் அந்தக் கருத்தை நான் அழிக்கவில்லை. கிடக்கட்டும், என் பெயரோடு கிடக்கட்டும்!

மேடைக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். பாட்டுக் கேட்க வருகிறேன், பாட வரமாட்டேன் என்றார். அந்த மட்டுக்கு வந்திருக்கிறார். ஆறாவது வரிசை, நீலச்சட்டை. தலையைக் குனியாதீர்கள் சோலைமுத்து.

அவருக்குப் பக்கத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிற நான்கு பேரும் யாரென்று தெரிகிறதா? காலையில் தூங்கிக்கொண்டிருந்தார்களே, அவர்கள்தான். நாம் ஆறு நாட்டிலும் கேட்டுச் சிரித்த இந்தப் பாட்டை இதுவரை கேட்காதவர்கள் அவர்கள் நால்வர் மட்டுமே. அவர்களுக்காகத்தானே குரல் தாழ்ந்தது? இப்போது மணி ஐந்து. ஐந்தரைக்கு அவர்களுடைய டூட்டி பஸ் இந்த வாசலுக்கு வரும். அது யாருக்கும் நிற்காது, பாட்டிலேயே இருக்கிறது!

நான் ஓட்டுக் கேட்கவில்லை. பரிதாபப்படச் சொல்லவில்லை. முழுக் குரலில் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று பளிச்சென்று சொல்லுங்கள். நாம் ரசிகர்கள், நமக்கு அந்த உரிமை உண்டு. கேட்காமல் சொல்கிற உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

அதோ, எழுந்துவிட்டார்! பொறுங்கள், கைதட்டலைச் சேமித்து வையுங்கள். வழி விடுங்கள் தோழர்களே. மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள் தம்பி, இனி அது பக்கத்தில் வேண்டியதில்லை. இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நான் திட்டியும் திரும்பத் திட்டாத இந்த மனிதருக்கு என் முதல் வணக்கம், உங்கள் எல்லோருக்கும் அடுத்த வணக்கம்.

வாருங்கள் சோலைமுத்து. வாய்விட்டுக் கூப்பிடுங்கள் அந்த பஸ்ஸை. இங்கே யாரும் தூங்கவில்லை.