எதற்குச் சரி என்றேன்

2009இல், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கேட்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அண்மையில் கணவனை இழந்தவள். மற்றவள் அவனுடைய தங்கை. ஆலப்பாக்கம் தாண்டியதும் கணவனை இழந்தவள் கேட்டாள்.

"ஏன் செல்வி, ஒரு மனசுல ஒரே நேரத்துல ரெண்டு நெனப்பு நிக்குமா?"

"ஏன் நிக்காது அண்ணி? சோறு வடிச்சிக்கிட்டே நான் புள்ளைக்குப் பாடம் சொல்லித் தரேனே."

"எனக்கு நிக்கலியே. ஆஸ்பத்திரியில அன்னிக்கு மத்தியானம் உங்கண்ணன் எங் கையப் புடிச்சிக்கிட்டு என்னமோ சொன்னாரு. ரொம்ப நேரம் சொன்னாரு. நான் பசுவ வெயில்லயே கட்டிப்போட்டு வந்துட்டமேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த காதுல ஏறல."

"திருப்பிக் கேக்கறதுதானே?"

"தூங்கி எழுந்ததும் கேட்டுக்கலாம்னு இருந்தேன். அவரு எழுந்திரிக்கவே இல்ல. அவரு சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டினேன் செல்வி. அந்த நம்பிக்கையிலதான் கண்ண மூடினாரு. எதுக்குச் சரின்னேன்னு தெரியாம அத நான் எப்படிச் செய்யறது?"

புதுச்சத்திரத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் கிளம்பியதும் செல்வி கேட்டாள்.

"அண்ணன் எம் பேரு ஏதாச்சும் சொல்லிச்சா அண்ணி? எங் கல்யாணத்துலேருந்து எங்கிட்ட பேசாமயே இருந்துச்சு."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னாருன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியாதேம்மா."