பழைய பேரில் வந்தால்

சேலத்திலிருந்து சங்ககிரி போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த லாரிக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பஸ்ஸுக்கே கேட்டது.

“ஏனுங்க அம்மணி, ஏழு லாரியில எம்புள்ள பேரை அழிச்சு வேற பேரு எழுதியாச்சு. லோடு புக் பண்ற வெப்சைட்டுக்கு மட்டும் இத்தன நாளுங்களா?”

மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். “சைட்டுக்குப் புதுப் பேரு வெச்சாச்சுங்ணா. பாதுகாப்பு சர்டிபிகேட்தான் பழைய பேர்ல இருக்குது. அதைத் திருத்த முடியாதுங்க, புதுசாத்தான் வாங்கோணும். புதுப் பேருக்கு மட்டும் போதுங்களா?”

“போதும். எங்களக் கேக்காம கண்ணாலம் பண்ணிட்டுப் போனவ பேரு எதுக்கு?”

“சரிங்ணா. ஆனா பழைய பேரைப் போட்டு யாராச்சும் வந்தா, பாதுகாப்பு இல்லைன்னு செவப்பா காட்டுமுங்க. உள்ள உடாது.”

அவர் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

“யாரு வந்தாலுமுங்களா?”

“யாரு வந்தாலும்ங்ணா.”

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார்.

“பழைய பேரையும் சேத்தே வாங்கிருங்க, அம்மணி. எங்க ஊட்டுல கேட்டா, புதுப் பேரு மட்டுந்தான்னு சொல்லிருங்க.”