கருங்குயில் மசால்பொடி

என் தட்டச்சில் பிழை வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை பார்ப்பேன். சிம்மக்கல் ஆன்லைன் சென்டரில் வணிகப் பெயர் பதிவு விண்ணப்பங்கள் என் பொறுப்பு.

கோச்சடையில் எங்கள் பக்கத்து வீட்டு மாயக்காள் அத்தை ஆறு வருடமாகக் கருங்குயில் மசால்பொடி விற்கிறார். கடைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குவார்கள். பாக்கெட்டில் இருக்கும் குயிலைப் பதினான்கு வயதில் நான் வரைந்து கொடுத்தேன். "எம்மகன் பால்பாண்டி போட்ட படம்" என்பார் அத்தை, நான் பக்கத்தில் நிற்கும்போதும். எனக்குக் கூச்சம். சிரித்துவைப்பேன்.

சட்டம் நியாயமானது. காசு வாங்காமல் வரைந்த படத்தின் பதிப்புரிமை வரைந்தவளுக்கு. பெயரோ அதை வைத்து முதலில் விற்றவருக்கு. நான் படத்தை மட்டும் கேட்டிருக்கலாம்.

ஆனிக் கடைசியில் அத்தை பெயரைப் பதிய வந்தார்.

"ஆடி பொறக்கப் போகுது தாயி. எழுதி வச்சுக்க, ஆவணியில போட்ருவோம்."

எழுதி வைத்தேன். ஆடி முதல் வெள்ளியன்று என் பெயரில் போட்டேன்.

ஆவணியில், "யாரோ முந்திட்டாங்க அத்தை" என்றேன்.

"ஆடியில தொடங்குனவன் வெளங்குவானா?"

அரசு இதழில் அந்த விண்ணப்பம் வெளியானதும் நான்கு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம், முன்பே விற்றதற்கு அத்தாட்சி வேண்டும் என்று உண்மையைத்தான் சொன்னேன். அச்சக ரசீதுகளையும் முதல் லேபிளையும் மஞ்சப்பையில் கொண்டுவந்தார். எல்லாம் அசல். நகல் தேவையில்லை என்று பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறு வருடம் இதழில் வந்தது. வாரம் ஒருமுறை அத்தை கேட்பார், "வந்துருச்சா?" "இன்னும் வரல அத்தை."

நான்கு மாதத்தின் கடைசி நாள் காலையிலும் வந்தார். அது கடைசி நாள் என்று அவருக்குத் தெரியாது.

"ஏத்தா, குயிலு நீ போட்டதுன்னே எழுதிரு. நீயே சாட்சி சொல்லு. பால்பாண்டிக்கு நேரா ஒரு கோடு இழுக்க வருமா? மகன் பேரு நாலு பேரு வாயில வரட்டுமேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். மனசுல வச்சுக்காத."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தண்ணீர் கொடுத்தேன்.

ஆட்சேபம் போட அன்று முழுவதும் நேரம் இருந்தது. அத்தாட்சியும் என் மேசைக்குக் கீழேதான் இருந்தது. அத்தை பஸ் ஏறியதும் மஞ்சப்பையைக் குப்பை வண்டியில் போட்டேன்.

படம் என்னுடையது என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.