ஆர்டித் வீட்டு நடு நாற்காலி

ஆர்டித்தின் வீட்டு அடித்தள அறையில் நிம்மதியாக உட்காரக்கூடிய நாற்காலி ஒன்றுதான் உண்டு. மற்றவையெல்லாம் சர்ச் ஏலத்தில் வாங்கியவை. அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒன்று மட்டும் பச்சை வெல்வெட் போட்ட சாய்வு நாற்காலி, டிவிக்கு நேர் எதிரே, நடுவில். நேற்றிலிருந்து காரணம் என்ன, காரணம் என்ன என்று கேட்கிறீர்கள், ஐயா. நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கே விளங்கிவிடும்.

பார்மா என்கிற இந்த ஊரில் இருக்கிற எங்களுக்கு நியூயார்க் மேடை எட்டாத தூரம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், டிவிக்காரர்கள் ஒரு முழு இசை நாடகத்தை நேரலையில் நடத்துவார்கள். வெட்டி ஒட்டுவதெல்லாம் கிடையாது. சுருதி பிசகினால் பிசகியதுதான். நாடகம் எது என்று கோடையிலேயே சொல்லிவிடுவார்கள். கதாநாயகி யார் என்பதை மட்டும் இலை உதிர்கிற காலம் வரை இழுத்தடிப்பார்கள். அந்த இடைவெளியில்தான் நாங்கள் உயிரோடு இருப்போம் என்று சொன்னால் மிகையில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், ஆர்டித், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டெல்பர்ட். கோடை முடிவதற்குள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிவிட வேண்டும். யார் சொன்ன பெயர் பலிக்கிறதோ அவருக்கு ஒளிபரப்பு இரவில் நடு நாற்காலி. அதோடு, யார் வாய் திறந்தாலும் "பேசாதே" என்று அடக்குகிற உரிமையும் அவருக்குத்தான்.

விதிகள் இரண்டே. உள்ளே வேலை செய்கிறவர்களிடமிருந்து கசிந்த செய்தி ஊகமாகாது, அது செல்லாது. இது நான் போட்ட விதி. இரண்டாவதை ஆர்டித் போட்டாள். வென்றவர் ஒளிபரப்பு இரவில் வர முடியாமல் போனால், நாற்காலி அதற்கு முந்தைய ஆண்டு வென்றவருக்குப் போகும். டெல்பர்ட் ஒரே ஒரு முறை வென்றார். அந்த வாரமே குடலிறக்க ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கெஞ்சினார்.

"நாற்காலிய காலியா விடுங்கம்மா. நான் செத்தாக்கூட என் ஆவி வந்து உக்காரும்."

"ஓன் ஆவி வெயிட்டுக்கு அந்த ஸ்பிரிங் தாங்காதுய்யா," என்றாள் ஆர்டித். "சட்டம்னா சட்டம். போன வருஷம் ஜெயிச்சவ உக்காரட்டும்."

போன வருஷம் ஜெயித்தவள் அவள்தான். நான் சிரித்தேன். சட்டம் என்றால் எனக்கு எப்போதும் பிடிக்கும். சர்ச்சில் பிங்கோ விளையாட்டுக்குப் பல ஆண்டுகள் எண் கூப்பிட்டவள் நான். எண்ணைக் கூப்பிடும் முன்பே "பிங்கோ" என்று கத்துகிறவர்களை நான் அடுத்த சுற்றில் சேர்த்துக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளும் நாற்காலி எனக்குத்தான். தற்செயல் அல்ல. யார் எந்த ஊர்க் கச்சேரியை ரத்து செய்தார், யார் திடீரென்று முடி வளர்க்கிறார், யாருடைய பாட்டு வாத்தியார் யாரோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறார், எல்லாவற்றையும் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, "லெனோரா, நீ சொன்னது சரி" என்று என்னிடம் சொல்ல வேறு யாரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டு பேர் சொன்னார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த ஆண்டு நாடகம் ஒரு துறைமுக விதவையின் கதை. நான் கொரின் ஹாலக் என்றேன். முப்பது ஆண்டுகளாக மேடையில் நிற்கிற குரல் அவருடையது. கொலம்பஸ் ஊர்க் கச்சேரியை வேறு ரத்து செய்திருந்தார். டெல்பர்ட் ஒவ்வொரு ஆண்டும் சொல்லும் அதே நடிகையின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் காலமாகிவிட்டார் என்றால் நம்ப மாட்டார். ஆர்டித் சொன்னது ஜெய்னி ரஸ்க். மைக் இல்லாமல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத சின்னப் பெண்.

"அவளுக்கு மூச்சே பத்தாதேடி," என்றேன்.

"எனக்கே பத்தல, நான் வாழலையா? டிவிக்காரனுக்குப் பாட்டு எதுக்கு? நாலு பேரு பாக்கணும், அவ்வளவுதான். இந்தத் தடவை நாற்காலி எனக்குத்தாண்டி. நீ அந்த மர ஸ்டூல்ல உக்காந்து பாரு, இடுப்பு என்ன சொல்லுதுன்னு."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கும் அது தெரியும்.

அறிவிப்பு அன்று காலை நான் வால்நட் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு முதலில் போய்விட்டேன். டெல்பர்ட் டோனட் வாங்கப் போயிருந்தார். நான் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிவிப்பு வரும்வரை அது போன ஆண்டு வென்றவருடையதுதானே. பக்கத்துச் சின்ன மேசையில் ஆர்டித்தின் கண்ணாடியும் இன்ஹேலரும் இருந்தன. அவளுக்கு ஆஸ்துமா உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

ஆர்டித் போனும் கையுமாகப் படி இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"லெனோ, தான்யா போன் பண்ணினா."

தான்யா அவளுடைய அண்ணன் மகள். நியூயார்க்கில் விக் செய்கிறவள்.

"அதுக்கென்ன?"

"துறைமுக விதவைக்கு விக் யாரு கட்டுறான்னு நெனச்சே? எங்கண்ணன் பொண்ணுதான். தலைய அளந்துட்டு வந்துட்டாளாம். யாரு தலைன்னு சொல்லட்டுமா?"

"சொல்லாதே."

"சொல்லட்டுமாடி?"

"ஆர்டித், வேணாம். இன்னும் கொஞ்ச நேரந்தான். அவங்களே சொல்லட்டும்."

"மூஞ்சியப் பாரு, பிங்கோ மகாராணிக்கு எப்படி வேர்க்குதுன்னு."

சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் விசிலாயிற்று. அவள் மர ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போன் கம்பளத்தில் விழுந்தது. அவள் மேசையை நோக்கிக் கையை நீட்டினாள்.

நான் முதலில் இன்ஹேலரை எடுத்தது அவளுக்குக் கொடுப்பதற்காகத்தான். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. மூச்சு வந்தால் அவள் பேசுவாள். பேசினால் பெயரைச் சொல்லுவாள். சொல்லிவிட்டால் என் ஊகம் ஊகமாக இராது. நான் சரியாகவே சொல்லியிருந்தாலும் அது செய்தியாகிவிடும். தோற்றுவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. ஆட்டம் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அதை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன்.

"சொல்ல மாட்டேன்னு தலைய ஆட்டு, தந்துடறேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அவளுடைய உடம்பே ஆடிக்கொண்டிருந்தது.

டிவியில் விளம்பரம். பிறகு அறிவிப்பாளர் வந்து, சூப் எப்படிச் செய்வது என்று காட்டினார். பிறகு மறுபடி விளம்பரம். ஆர்டித் என் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவள் கைகளில் எவ்வளவு பலம் இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். மெதுவாகத்தான். அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தில் அறிவிப்பாளர் பேசுவது கேட்கவில்லை. டிவி ஒலியைக் கூட்டினேன்.

"இதோ, இதோ சொல்லப் போறாங்க," என்றேன் அவளிடம். அவளை அப்படியே விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. கூடவேதான் இருந்தேன்.

அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். ஜெய்னி ரஸ்க்.

சொன்ன அந்த நொடியே இன்ஹேலரை எடுத்து ஆர்டித்தின் கையில் வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. மேலே வாசல் மணி அடித்தது. டெல்பர்ட் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள். நான் அழைக்கவில்லை. போன் விழுந்தபோது இணைப்பு துண்டிக்கப்படவில்லையாம். தான்யா அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், அத்தை அத்தை என்று கத்திக்கொண்டு. டிவி ஒலியில் எனக்குக் கேட்கவில்லை. வேறொரு போனில் ஆம்புலன்ஸை அழைத்தது அவள்தானாம்.

டெல்பர்ட் டோனட் பெட்டியோடு படியில் நின்றார். ஸ்ட்ரெச்சர் அவரைத் தாண்டிப் போயிற்று. போர்வை முகத்தையும் மூடியிருந்தது.

"என்ன ஆச்சு, லெனோரா?" என்று கேட்டார்.

"ஜெய்னி ரஸ்க்," என்றேன். அவர் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு நாளாக உங்களிடம் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆர்டித்தின் பெயர் பலித்தது உண்மை. ஆனால் அவளுக்கு உள்ளேயிருந்து செய்தி வந்திருந்தது. ஆகவே அது செல்லாது. இந்த ஆண்டு வென்றவர் யாருமில்லை.

இன்று காலை நீங்கள் தான்யாவின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அந்தப் பெண் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லையாம். சொன்னால் வேலை போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். தலையை அளந்தேன் என்று மட்டும் சொன்னாளாம். அதற்கு ஆர்டித், "இருடி, லைன்லயே இரு, கீழ போயி லெனோவக் கொஞ்சம் சீண்டிட்டு வரேன்," என்றாளாம்.

ஆக, அவளுக்கும் ஒன்றும் தெரியாது. கோடையிலேயே சொன்ன பெயர், தானாக யோசித்துச் சொன்ன பெயர். ஒரு கசிவும் இல்லை.

நான் நியாயமானவள், ஐயா. தப்பு என்றால் ஒத்துக்கொள்வேன். இன்ஹேலரை எடுத்து வைத்துக்கொண்டது நான்தான். அவளுக்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். விளம்பரம் முடியட்டும் என்று காத்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆர்டித் நேர்மையாகத்தான் வென்றாள். அதையும் சேர்த்து எழுதுங்கள், அவளுக்குச் சேர வேண்டிய பெருமை அது.

ஆனால் ஒளிபரப்பு இரவில் அவளால் வர முடியாதல்லவா. விதி தெளிவாக இருக்கிறது. அதை நான் போடவில்லை, அவள் போட்டது. எனக்கு இங்கே ஒரு டிவி மட்டும் கிடைத்தால் போதும், எதில் உட்கார்ந்தும் பார்த்துக்கொள்வேன். அன்று ராத்திரி மட்டும் அங்கே யாரையாவது அனுப்பி, அந்த நாற்காலியில் டெல்பர்ட் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது என்னுடையது.